'பனிக்' – பொருளும் பயன்பாடும்

மாணவர்களே, 'பனிக்' என்பது திடீரென எழுந்து, சிந்திக்கும் சக்தியைப் பறிக்கும் பயம். தமிழில் 'பீதி' எனலாம். கிரேக்கரின் 'பான்' என்னும் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்த சொல் இது.

'ஃபியர்' பொதுவான பயம். வள்ளத்தில் தண்ணீர் ஏறும்போது பயந்தவர் இறைப்பார், அது ஃபியர். பீதியடைந்தவர் எழுந்து ஒரு பக்கம் பாய்வார், வள்ளம் கவிழும், அது பனிக்.

பயன்பாடு:
1. பெயர்ச்சொல்: 'தே ரான் இன் பனிக்' – அவர்கள் பீதியில் ஓடினார்கள்.
2. வினைச்சொல்: 'டோன்ட் பனிக்' – பதறாதே.
3. இறந்தகாலம்: 'பனிக்ட்'. இறுதி எழுத்தாகிய 'சீ'க்குப் பின் 'கே' சேர்த்தே 'ஈ', 'டீ' எழுதுக. 'கே' இன்றேல் 'சீ', 'ஸ்' என ஒலிக்கும். 'ஐ என் ஜீ' சேர்க்கும்போதும் இதே விதி. 'பிக்னிக்' என்ற சொல்லும் இவ்வாறே.

பயிற்சி: 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. இலங்கையில் சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டு, பின்னர் நீக்கப்பட்டது. கீழுள்ளவற்றை ஆங்கிலத்தில் எழுதுக. எதில் 'பனிக்' வரும்?
அ. மக்கள் பயந்து மேட்டுநிலத்துக்கு நடந்தனர்.
ஆ. மக்கள் பீதியடைந்து ஒருவரையொருவர் தள்ளினர்.

விடை: 'ஆ'. 'அ'வில் உள்ள பயம் உயிரைக் காக்கும். பரீட்சை மண்டபத்திலும் இதை நினைவில் வைத்திருங்கள்.