நோயாளியின் உணவு உரிமையும் மருத்துவப் பணியாளரின் பொறுப்பும்

நம் நாட்டில் காசநோய்க்கான மருந்து அரசால் இலவசமாக வழங்கப்படுகிறது. ஆனால் வயிறு நிறையாத நோயாளியின் உடலில் மருந்து மட்டும் முழுப்பயன் அளிப்பதில்லை. ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை நடைபெற்ற ஆய்வு இதனைத் தெளிவுபடுத்தியது. அதில் 2,800 நோயாளிகளுக்கு மாதந்தோறும் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. முதல் இரண்டு மாதங்களில் 5 விழுக்காடு எடை கூடியவர்களிடையே மரண அபாயம் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைவாக இருந்தது. கூடுதல் உணவு பெற்ற குடும்பத்தாரிடையே, அதைப் பெறாத குடும்பத்தாரைவிடப் புதிதாக நோய் தோன்றுவதும் சுமார் 40 விழுக்காடு குறைந்தது.

இரு உதவிகள்

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முன்னுரிமைக் குடும்பத்தினர் தலைக்கு மாதம் 5 கிலோவும், அந்தியோதயா குடும்பங்கள் 35 கிலோவும் தானியம் பெற உரிமையுடையவர்கள். 2018 ஏப்ரலில் தொடங்கிய நிக்ஷய் போஷண் திட்டம் காசநோயாளியின் வங்கிக் கணக்கில் நேரடியாகப் பணம் செலுத்துகிறது. மாதம் 500 ரூபாயாக இருந்த இத்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

உதவி நழுவுவது ஏன்?

தகுதியின்மையைவிட ஆவணக் குறைபாடே பலரது உதவியைத் தடுக்கிறது. ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் வேறுபடலாம். கணக்கு செயலற்றுப் போயிருக்கலாம். கடின உழைப்பால் தேய்ந்த கைவிரல் ரேகையை நியாயவிலைக் கடையின் கருவி ஏற்காமல் போகலாம். தனியே வாழும் நோயாளி மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தால், பொருள் வாங்காத குடும்ப அட்டை முடக்கப்படும் அபாயமும் உண்டு. இவற்றைச் சரிசெய்ய அலுவலகம் அலுவலகமாக அலையும் வலிமை நோயாளிக்கு இல்லை. அவரைத் தவறாமல் சந்திப்பவர் மருத்துவப் பணியாளரே.

செய்யத்தக்கவை

முதலாவது, சிகிச்சை தொடங்கும் நாளிலேயே குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு ஆகிய இரண்டையும் பற்றி விசாரித்து, குறைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். எடை பார்க்கும் ஒவ்வொரு முறையும், “தானியம் வாங்கினீர்களா? பணம் வந்ததா?” என்று கேட்பது வழக்கமாக வேண்டும்.

இரண்டாவது, நிக்ஷய் பதிவேட்டில் நோயாளியின் விவரங்களைத் தாமதமின்றிச் சேர்க்க வேண்டும். பதிவில்லாதவருக்குப் பணம் செல்லாது. 2012 முதல் காசநோய் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோயாகும். ஆகவே தனியார் மருத்துவர்களுக்கும் இப்பொறுப்பு உண்டு.

மூன்றாவது, கைரேகை பொருந்தவில்லை என்பதற்காகவோ ஆதார் இல்லை என்பதற்காகவோ தகுதியுள்ள எவருக்கும் தானியம் மறுக்கக்கூடாது என்று மத்திய அரசு 2017இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியதை நோயாளிக்கு எடுத்துரைக்க வேண்டும். அட்டையில் பெயருள்ள குடும்பத்தார் வேறொருவர் சென்று பொருள் வாங்கலாம். வேறு மாநிலத்தில் வேலை செய்பவர், ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டத்தின்கீழ் தாம் இருக்கும் ஊரிலேயே தானியம் பெறலாம்.

நான்காவது, மறுப்பு நேர்ந்தால் சட்டத்தில் கூறப்பட்டுள்ள மாவட்டக் குறைதீர் அலுவலரிடம் முறையிட உதவ வேண்டும். மனுவுடன் நோயாளியின் நிலையை விளக்கும் மருத்துவரின் கடிதம் இருப்பின் வலுச்சேரும். ஆயினும் நோயின் பெயரை வெளியிட நோயாளியின் சம்மதம் இன்றியமையாதது. கடை வாசலில் நோய் அம்பலமாகும் என்ற அச்சத்தால் உரிமையையே கைவிடுவோர் உண்டு.

துறைகளின் ஒத்துழைப்பு

இவையனைத்தையும் கிராமச் செவிலியர் அல்லது ஆஷா பணியாளரின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று. சுகாதாரத் துறையும் உணவு வழங்கல் துறையும் மாதம் ஒருமுறையேனும் கூடி, தடைப்பட்ட பெயர்களை ஆராய்ந்து தீர்வு காணுதல் வேண்டும். அதற்குத் தனி நிதியோ புதுச் சட்டமோ தேவையில்லை. முடங்கிய ஒரு குடும்ப அட்டையை உரிய காலத்தில் மீட்டுக் கொடுப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பதை இரு துறையினரும் உணர்ந்தால் போதும்.