ஆயாம்மா சொன்னதைக் கேட்டீர்களா?

புதிதாக வார்டுக்கு வரும் ஸ்டாஃப் நர்ஸ் தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கூட வேலை பார்க்கும் நர்சிங் அசிஸ்டன்ட்டுகளும் படிக்கலாம். நாம் மூன்று வருடமோ நான்கு வருடமோ படித்துவிட்டு வருகிறோம். ஆனால் நோயாளியின் உடம்பில் அதிக நேரம் படுவது நம் கை இல்லை, நாம் ஆயாம்மா என்று கூப்பிடும் அசிஸ்டன்ட்டுகளின் கை. துடைத்துவிடுவது, பெட்பேன் வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவர்கள்தான். உடம்பில் ஒரு மாற்றம் என்றால் பெரும்பாலும் முதலில் அவர்கள் கண்ணில்தான் படும்.

செய்ய வேண்டியவை

• டியூட்டி மாறும்போது அசிஸ்டன்ட்டையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். யாருக்குச் சாப்பாடு கூடாது, யார் எழுந்து நடந்தால் விழுந்துவிடுவார் என்பது அவருக்கும் தெரிய வேண்டும்.

• அவர் ஏதாவது சொன்னால் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வயிற்று ஆபரேஷன் முடிந்த பெரியவர் ஒருவர் எங்கள் வார்டில் இருந்தார். “சிஸ்டர், தாத்தா கை சில்லுனு இருக்கு. யூரின் பேக்கும் விடியற்காலையில பார்த்த மாதிரியே இருக்கு” என்றார் ஆயாம்மா. மருந்து ட்ரேயில் இருந்து தலையை நிமிர்த்தாமலே “வரேன், போங்க” என்றேன். அரைமணி நேரம் கழித்து அவரே வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பி.பி. எண்பதுக்கு இறங்கியிருந்தது. உள்ளே ரத்தக்கசிவு. தாத்தா பிழைத்துக்கொண்டார். அந்த அரைமணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

• வேலையை முழுசாகச் சொல்லுங்கள். “அந்தப் பாட்டியைக் கொஞ்சம் பார்த்துக்குங்க” என்றால் எதைப் பார்ப்பது? “பதினோரு மணிக்கு இடது பக்கம் புரட்டிவிடுங்க. இடுப்புக்குக் கீழே சிவந்திருந்தா விரலால அழுத்திப் பாருங்க, வெளுக்கலைன்னா என்னைக் கூப்பிடுங்க” என்று சொல்லுங்கள். படுக்கைப்புண் தொடங்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். காரணம் புரிந்தவர் அடுத்த முறை நீங்கள் சொல்லாமலே பார்ப்பார்.

• அசிஸ்டன்ட்டுகளே, தெரியாத வேலைக்குத் தலையாட்டாதீர்கள். “ஒருதடவை செஞ்சு காட்டுங்க சிஸ்டர்” என்று கேட்பதில் ஒரு குறைவும் இல்லை. சர்க்கரை 70-க்குக் கீழே காட்டினால் குறித்து வைத்துவிட்டு அடுத்த பெட்டுக்குப் போகாதீர்கள், உடனே வந்து சொல்லுங்கள்.

• தங்கைகளே, கனமான நோயாளியை அசிஸ்டன்ட் தூக்கும்போது நீங்களும் ஒரு கை கொடுங்கள். அவருக்கும் இடுப்பு வலி உண்டு.

செய்யக்கூடாதவை

• ஆள் இல்லை என்பதற்காக அசிஸ்டன்ட்டை ஊசி போடச் சொல்லாதீர்கள், ட்ரிப்ஸ் மாற்றச் சொல்லாதீர்கள். பத்து வருட அனுபவம் இருந்தாலும் கூடாது. கவுன்சிலில் பதிவு செய்திருப்பது நீங்கள். பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள். தவறு நடந்தால் முதலில் வேலை போவது என்னவோ அவருக்குத்தான்.

• பார்க்காத அளவை கேஸ் ஷீட்டில் எழுதாதீர்கள். இருவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

• நோயாளி முன்னால் அசிஸ்டன்ட்டைத் திட்டாதீர்கள். அம்மா வயதுக்காரரை “ஏய், இங்க வா” என்று கூப்பிடாதீர்கள். அப்படிக் கூப்பிடும் வார்டுகளில் யாரும் உங்களிடம் எதையும் வந்து சொல்லமாட்டார்கள்.

• போட்டு முடித்த ஊசியை ட்ரேயிலோ படுக்கை விரிப்பிலோ விட்டுப் போகாதீர்கள். பிறகு அது குத்துவது விரிப்பை அள்ளுகிறவர் கையில். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் அவர் போட்டுக்கொண்டாரா என்று இன்றைக்கே கேளுங்கள். குத்திவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவச் சொல்லி, நீங்களே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை முதல் 2 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். “டியூட்டி முடியட்டும் சிஸ்டர், பார்த்துக்கலாம்” என்பார். விடாதீர்கள்.