வடிகட்டிய எண்ணெய் பயோடீசல் ஆகாது

நம்பிக்கை: பொரித்து மீந்த எண்ணெயைத் துணியில் வடிகட்டி டீசலில் கலந்தால் அதுவே பயோடீசல்.

உண்மை: அது டீசலில் கலந்த சமையல் எண்ணெய், வேறொன்றுமில்லை. துணி வண்டலைப் பிடிக்கும், மூலக்கூற்றை மாற்றாது. தாவர எண்ணெயில் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசரினோடு பிணைந்துள்ளன. மெத்தனாலும் சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற வினையூக்கியும் சேர்த்து ஏறக்குறைய 60 டிகிரி செல்சியசில் வினைப்படுத்தினால்தான் அந்தப் பிணைப்பு விடுபடும். கொழுப்பு அமிலங்கள் மெத்தில் எஸ்டராகும். கிளிசரின் அடியில் தங்கும். அதைப் பிரித்து, கழுவி, ஈரம் போக்கியபின் மிஞ்சுவதே பயோடீசல். 100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 10 கிலோ மெத்தனால் செலவாகும். 10 கிலோ கிளிசரின் பிரியும்.

இவ்வளவு பாடு எதற்கு? பாகுநிலைக்காக. 40 டிகிரி வெப்பத்தில் டீசல் 2 முதல் 4.5 சென்டிஸ்டோக்ஸ், பயோடீசல் 4 முதல் 5, தாவர எண்ணெயோ 30-க்கும் மேல். பனிப்புகைபோலத் தூவ வேண்டிய இன்ஜெக்டர் அந்த எண்ணெயைத் துளித்துளியாகக் கக்கும். சரியாக எரியாதது நாசில் முனையில் கரியாக இறுகும். பிஸ்டன் ரிங்குகள் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் ஆயில் கெட்டிப்படும். முதல் நாள் வண்டி ஓடிவிடுவதுதான் வதந்திக்கு உயிர் கொடுக்கிறது. கேடு நூற்றுக்கணக்கான மணி நேர ஓட்டத்தில் சேர்கிறது. பழி பயோடீசல்மேல் விழுகிறது.

1900-இல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியதைச் சான்று காட்டுவதும் வீண். மெதுவாகச் சுழன்ற அந்தப் பழைய எஞ்சினுக்குப் பொருந்தியது, 1,500 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் நுண்துளைவழி எரிபொருளைச் செலுத்தும் காமன் ரெயில் எஞ்சினுக்குப் பொருந்தாது.

நம்பிக்கை: பயோடீசல் கலந்தால் இழுவை போய்விடும்.

உண்மை: லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் தூய பயோடீசலில் ஆற்றல் சுமார் 8 விழுக்காடு குறைவு. 20 விழுக்காடு கலந்த பி20-இல் அது 1 முதல் 2 விழுக்காடு. ஓட்டுபவருக்குத் தெரிவதே அரிது.

நம்பிக்கை: அது ஃபில்டரை அடைத்துவிடும்.

உண்மை: அடைப்பது பெரும்பாலும் டேங்கில் முன்பே படிந்த கசடு. பயோடீசல் அதைக் கரைத்துக் கிளப்புகிறது. தொடக்கத்தில் ஃபில்டரை மாற்றினால் போதும். பழைய ரப்பர் குழாய்கள் உப்புவது மட்டும் மெய்.

நம்பிக்கை: புகையில் நச்சே இராது.

உண்மை: பயோடீசலின் எடையில் ஏறக்குறைய 11 விழுக்காடு ஆக்சிஜன், அதனால் எரிதல் முழுமையடைகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2002 தொகுப்பாய்வின்படி, பி20-இல் துகள் மாசு 10, கார்பன் மோனாக்சைடு 11, எரியாத ஹைட்ரோகார்பன் 21 விழுக்காடு குறைந்தன. நைட்ரஜன் ஆக்சைடுகள் 2 விழுக்காடு கூடின. குறைவது உண்மை, அற்றுப்போவது பொய்.

மீந்த எண்ணெயை டேங்கில் ஊற்றக் கூடாதென்றால் மறுபடி வாணலியில் ஊற்றலாம் என்று பொருளில்லை. பொரிக்கும் சூட்டில் எண்ணெய் சிதைந்து உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாதென இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி 2018 முதல் நடப்பில் உள்ளது. அத்தகைய எண்ணெயைத் திரட்டிப் பயோடீசல் ஆலைகளுக்கு அனுப்ப ‘ரூக்கோ’ திட்டமும் அதே ஆண்டில் வந்தது. பஜ்ஜிக் கடையும் உணவகமும் எண்ணெயை அங்கே கொடுப்பதே முறை. எஸ்டராக்கும் வேலை ஆலையுடையது.