ஒரு மணிக்கு எத்தனை மோல்?

சிதம்பரம் அண்ணாமலை நகரில் வேதிப் பொறியியல் பயிலத் தொடங்கியுள்ள அன்புத் தம்பிக்கு,

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் ஆகிய ஊர்களின் நடுவே உப்பனாற்றோரம் அமைந்துள்ள சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளில், குழாய்வழி ஓடும் பொருளைக் கிலோகிராமில் அளப்பவரும் கன மீட்டரில் அளப்பவரும் உண்டு எனினும், வினைக்கலனுக்குள் நிகழ்வதைக் கணக்கிடும்போது இருவரும் மோலுக்கே வந்து சேர்கின்றனர். மூலக்கூறுகள் எடை பார்த்து வினைபுரிவதில்லை, எண்ணிக்கை பார்த்தே வினைபுரிகின்றன. 6.02214076×10²³ துகள்கள் கொண்ட தொகுதியே ஒரு மோல். 2019 மே 20 முதல் இவ்வெண்ணே மோலின் வரையறையாக உள்ளது. அதற்குமுன் 12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கையைக் கொண்டு அது வரையறுக்கப்பட்டிருந்தது. ஒரு குழாயின் குறுக்குவெட்டை ஓரலகு நேரத்தில் கடக்கும் மோல்களின் எண்ணிக்கை மோலார் பாய்வு வீதம் எனப்படும்.

இந்த வீதத்தை ஓர் அலகிலிருந்து மற்றோர் அலகுக்கு மாற்றுவதில் ஒரு பகுதி வெறும் பெருக்கல் வகுத்தலே. மணிக்கு 1 கிலோமோல் என்பது, 1000 மோலை 3600 நொடியால் வகுக்க, நொடிக்கு 0.278 மோல் ஆகிறது. பழைய அமெரிக்க நூல்களில் காணப்படும் பவுண்டு-மோல், 453.592 மோலுக்குச் சமம். இங்கே பொருள் எது என்ற கேள்வியே எழுவதில்லை.

நிறையிலிருந்து மோலுக்கு வரும்போது அக்கேள்வி எழுகிறது. கடலூரில் 2009இல் உற்பத்தியைத் தொடங்கிய கெம்பிளாஸ்ட் சன்மார் ஆலையில், கப்பலில் வந்திறங்கும் வினைல் குளோரைடு பி.வி.சி.யாக மாற்றப்படுகிறது. எடுத்துக்காட்டாக மட்டும், ஏதோவோர் ஆலையின் குழாயில் அப்பொருள் மணிக்கு 25 டன் ஓடுவதாகக் கொண்டால், அதன் மோலார் நிறை 62.5 ஆதலால், 25,000 கிலோகிராமை 62.5ஆல் வகுக்க, மணிக்கு 400 கிலோமோல், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 111 மோல் கிடைக்கிறது. அது முழுவதும் வினைப்பட்டு, ஒவ்வொரு சங்கிலியிலும் சுமார் ஆயிரம் மூலக்கூறுகள் கோக்கப்பட்டால், வெளிவரும் மோல்கள் 0.4 கிலோமோலாகச் சுருங்குகின்றன. எடையோ அதே 25 டன். வினையில் நிறை காக்கப்படுகிறது, மோல் காக்கப்படுவதில்லை என்பதை மறந்து, உள்ளே சென்ற மோலும் வெளியே வந்த மோலும் சமமாக வேண்டும் என்று தேடுவது தொடக்கநிலை மாணவர் பலரும் செய்யும் பிழையாகும்.

கனஅளவிலிருந்து மோலுக்கு வரும் பாதையே மிகுந்த கவனம் கோருவது. ஒரு மோல் வாயுவின் கனஅளவாகப் பள்ளியில் மனப்பாடமான 22.4 லிட்டர், 0 டிகிரி செல்சியஸிலும் 1 வளிமண்டல அழுத்தத்திலும் மட்டுமே பொருந்துகிறது. வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் 1982இல் திட்ட அழுத்தத்தை 1 பார் எனக் குறைத்தபின் அது 22.7 லிட்டராயிற்று. மணிக்கு 1000 கன மீட்டர் வாயு என்ற ஒரே பதிவு, முதல் கணக்கில் 44.6 கிலோமோலாகவும், இரண்டாம் கணக்கில் 44.0 கிலோமோலாகவும், கடலூருக்கு இயல்பான 30 டிகிரியில் 1 வளிமண்டல அழுத்தத்தில் அளந்ததாயின் வெறும் 40.2 கிலோமோலாகவும் மாறுகிறது. ஆகவே வெப்பநிலையும் அழுத்தமும் குறிக்கப்படாத கனஅளவுப் பாய்வை மோலாக மாற்றவே முடியாது. யாரேனும் மாற்றித் தந்தால், அவர் ஒரு நிபந்தனையை வாய்திறவாமல் புகுத்திவிட்டார் என்பதே பொருள்.

நிறைக்கும் மோலுக்கும் இடையிலான வேறுபாடு தேர்வுத்தாளோடு முடிவதன்று. 2004இல் சிப்காட்டைச் சுற்றிலும் வாழ்ந்த ஊர்மக்கள் வாளிக்குள் பொருத்திய பையில் காற்று மாதிரியைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினர். இத்தகைய மாதிரிகளின் முடிவுகள் கன மீட்டருக்கு மைக்ரோகிராமிலும், நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் பி.பி.பி.யிலும் வெளிவருவதுண்டு. 25 டிகிரியில் 1 வளிமண்டல அழுத்தத்தில் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஹைட்ரஜன் சல்பைடு 7.2 பி.பி.பி.; அதே 10 மைக்ரோகிராம் வினைல் குளோரைடு 3.9 பி.பி.பி. மட்டுமே. மோலார் நிறையைக் கையில் வைத்திராதவருக்கு இவ்விரு வரிசை எண்களை ஒப்பிட வழியில்லை என்பதால், மூச்சுவிடும் காற்றைப் பற்றிய தம் கேள்விக்கு ஊர்மக்களே விடை சரிபார்க்க உதவும் கருவியாக மோல் கணக்கைக் கற்பது தகும்.

புகைபோக்கிக்கும் இதே கணக்குதான். ஸ்க்ரப்பரில் கழுவப்பட்டு 30 டிகிரியில் 1 வளிமண்டல அழுத்தத்தில் மணிக்கு 5000 கன மீட்டர் வாயு வெளியேறி, அதில் ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் பத்துப் பங்கு இருப்பதாகக் கொள்ளலாம். மொத்தப் பாய்வு 201 கிலோமோல். அதில் ஹைட்ரஜன் சல்பைடு 2.01 மோல், அதாவது மணிக்குச் சுமார் 68 கிராம். 22.4ஐத் தவறாகப் பயன்படுத்தினால் 76 கிராம் என்று வரும். ஆனால் கழுவப்பட்ட வாயு ஈரம் நிறைந்தது. 30 டிகிரியில் அதன் மோல்களில் ஏறத்தாழ 4.2 விழுக்காடு நீராவியே. அளவி மாதிரியை உலர்த்தியபின் அளந்திருந்தால், அந்தப் பத்துப் பங்கு 193 கிலோமோல் உலர்வாயுவுக்கே உரியது. விடை 66 கிராமுக்கு இறங்குகிறது.

அன்புடன்,
அண்ணன்