கிளிக்கு ஒரு 'கிளிக்'

பூநாரைகளைப் பார்ப்பதற்காக மார்கழி மாதத்தில் ஒரு நாள் மாணவர்கள் சிலரைப் பழவேற்காடு ஏரிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அவர்களுள் ஒருத்தி பசியாவரத்துப் பெண். ஏரி நீர் சூழ்ந்த மீனவர் ஊர் அது. "எங்க வீட்டுக்கு வராம போகக்கூடாது, சார்" என்று அவள் வற்புறுத்தவே, படகேறிப் போனோம்.

திண்ணையில் ஒரு கம்பிக் கூண்டு. உள்ளே ஒரு பச்சைக்கிளி. நான் அருகில் சென்று விரலை நீட்டினேன். ஒரே கடி! இரத்தம் வந்துவிட்டது.

"அது யாரையும் விடாது, சார்" என்றார் மாணவியின் ஆயா. (பாட்டியை அந்தப் பக்கத்தில் ஆயா என்றுதான் அழைக்கிறார்கள்.) இரண்டு ஆண்டுகளுக்கு முன் காற்றில் சாய்ந்த மொட்டைப் பனையின் பொந்தில் கிடைத்த குஞ்சு அது. சோறு ஊட்டி வளர்த்தார். பறந்து போகாமலிருக்க இறக்கையை வெட்டிவிட்டார்கள். வளர்ந்ததும் அது கடிக்கவும் ஓயாமல் கத்தவும் தொடங்கியது. எண்ணூரில் ஓர் உறவினருக்குக் கொடுத்தார்கள்; பத்து நாளில் திரும்பி வந்தது. பிறகு பொன்னேரியில் இன்னொருவருக்குக் கொடுத்தார்கள், மூன்றே நாள்!

வீடு மாறினால் கிளியின் குணம் மாறிவிடும் என்று நினைத்தார்கள். ஆனால் புதிய வீட்டிலும் அதே கூண்டு, அதே நீட்டிய விரல், அதே அதட்டல். குணம் மட்டும் எப்படி மாறும்?

கடிக்கக் கற்றுக்கொடுத்தது யார்?

ஒரு செயலைச் செய்தவுடன் தனக்கு வேண்டியது கிடைத்தால், அச்செயலை விலங்கு மீண்டும் மீண்டும் செய்யும். இதற்கு வலுவூட்டல் என்று பெயர். கூண்டுக்குள் கை நுழைகிறது. கிளி அஞ்சிக் கடிக்கிறது. கை வெளியே போய்விடுகிறது. கை போகவேண்டும் என்பதுதானே அதன் விருப்பம்? ஆகவே கடித்தால் பலன் உண்டு என்று அது கற்றுக்கொள்கிறது. அன்று என் விரலும் அதே பாடத்தை ஒருமுறை நடத்திவிட்டுத்தான் வந்தது.

கத்துவதும் இவ்வாறே. பச்சைக்கிளிகள் கூட்டமாக வாழ்பவை. ஒன்றையொன்று காணாதபோது கூவி அழைத்துக்கொள்ளும். தனிக் கூண்டில் இருக்கும் கிளிக்கு வீட்டாரே கூட்டம். அது கத்துகிறது; அடுப்படியிலிருந்து "சும்மா கெட!" என்று குரல் வருகிறது. நமக்கு அது அதட்டல், கிளிக்கு அது பதில். பத்து முறை கத்தியபின் பொறுக்கமாட்டாமல் ஒரு பச்சை மிளகாயைக் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம். எப்போதும் கிடைக்கும் பரிசைவிட, சில வேளைகளில் மட்டும் கிடைக்கும் பரிசு பழக்கத்தை உறுதியாக்கும். கொடுப்பதை நிறுத்தினாலோ, கத்தல் குறையுமுன் முதலில் அதிகரிக்கும். பெரும்பாலோர் தோற்பது அந்த இடத்தில்தான்.

ஆகவே கத்தலை அடக்குவது எப்படி என்று கேட்பதைவிட, கத்தாமல் இருக்கும் நொடிக்குப் பரிசு கொடுப்பது எப்படி என்று கேட்கவேண்டும். இங்குதான் என் பாடமான இயற்பியல் நுழைகிறது.

மூன்று வினாடிச் சிக்கல்

கிளி அமைதியாக அமர்ந்திருக்கிறது. நீங்கள் எழுந்து, வேர்க்கடலையை எடுத்து, கூண்டருகே செல்ல மூன்று வினாடி ஆகும். அதற்குள் கிளி ஒருமுறை கத்திவிட்டது. இப்போது கடலை எதற்குப் பரிசு? கத்தலுக்கு!

இதை ஆயாவிடம் விளக்கத் தொடங்கினேன். அவர் என்னை முடிக்க விடவில்லை. "தூண்டில்ல மீன் கடிக்கிறப்பவே சுண்டணும். அப்புறம் சுண்டி இன்னா வரப்போவுது?" என்றார்.

கடலை போய்ச் சேரும்வரை காத்திராமல், 'இதோ, இந்த நொடிக்குத்தான் பரிசு' என்று அறிவிக்கும் ஓர் அடையாளம் தேவை. திருவிழாக் கடைகளில் தகரத் தவளைப் பொம்மை பார்த்திருப்பீர்கள். அடியிலுள்ள தகட்டை அழுத்தினால் 'டிக்', விட்டால் மறுபடி 'டிக்'. விலங்குப் பயிற்சியாளர்களின் 'கிளிக்கர்' என்னும் கருவியும் அதுவே. குழிவாக வளைந்த எஃகுத் தகடு, அழுத்தும்போது மீள்சக்தியைச் சேர்த்துக்கொண்டு, ஓர் எல்லை தாண்டியதும் சட்டென்று மறுபக்கம் புரள்கிறது. சேர்ந்த ஆற்றல் சில மில்லி வினாடிகளில் ஒலியாக வெளிப்படுகிறது. இவ்வளவு குறுகிய ஒலித்துடிப்பில் பல அதிர்வெண்கள் கலந்திருக்கும். அதனால்தான் அது அத்தனை கூர்மையாகக் கேட்கிறது. பறவைகளின் காது ஏறத்தாழ 1000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை நன்றாகக் கேட்கக்கூடியது. அந்த அதிர்வெண்களும் இவ்வொலியில் அடங்கும்.

ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். ஒரு மீட்டர் தொலைவிலுள்ள கிளியை அடைய 3 மில்லி வினாடி போதும். மூன்று வினாடி எங்கே, மூன்று மில்லி வினாடி எங்கே? 'ஒளி அதைவிட வேகமானதாயிற்றே, கையை அசைத்துக் காட்டலாமே' என்று கெட்டிக்கார மாணவர் கேட்கலாம். கிளி முதுகைத் திருப்பிக்கொண்டிருந்தால்? ஒலிக்கு அந்தத் தொல்லை இல்லை. 'நல்ல கிளி' என்று வாயால் சொல்லலாமே என்றால், அதற்கு அரை வினாடிக்கு மேல் ஆகும். குரலும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு விதமாக இருக்கும். பேச்சோ நாள் முழுதும் காதில் விழுந்துகொண்டே இருப்பது.

இம்முறை போர்க்காலத்தில் முளைத்தது. 1943-இல் அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரில், ஒரு மாவு ஆலையின் மேல்தளத்தில், ஸ்கின்னர் என்ற உளவியலறிஞர் ஏவுகுண்டுக்கு வழிகாட்டப் புறாக்களைப் பழக்கிக்கொண்டிருந்தார். (அந்தக் குண்டு கடைசிவரை பயன்படவில்லை. புறாக்களின் நல்லூழ்!) அவருடைய மாணவர்களான கெல்லர் பிரெலண்டும் அவர் மனைவி மரியனும் 1947-இல் விலங்குப் பயிற்சி நிறுவனம் தொடங்கி, சிறு ஒலியைப் 'பால'மாகப் பயன்படுத்தினர். 1960-களில் ஹவாயில் டால்பின்களை ஊதல் ஒலியால் பழக்கிய கேரன் பிரையர் இதைப் பின்னர் நூல்கள் வாயிலாகப் பரப்பினார்.

நம் ஊர்க் கிளி ஜோசியரும் ஒருவகையில் இதே விதியைக் கையாண்டவர்தான். கிளி சீட்டை எடுத்துக் கொடுத்த மறுகணமே நெல்மணி. உங்கள் எதிர்காலம் கிளிக்குத் தெரியாது. நெல் எப்போது வரும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

ஈர்க்கும் பேனாவும்

பசியாவரத்தில் கிளிக்கருக்கு எங்கே போவது? என் சட்டைப்பையில் அழுத்தும் வகைப் பேனா இருந்தது. அதை ஆயாவிடம் கொடுத்தேன். முதல் இரண்டு நாள், பேனாவை 'டிக்' என்று அழுத்தி உடனே ஒரு துணுக்கு வேர்க்கடலை, வேறொன்றும் இல்லை. ஒலி கேட்டதும் கிளி கடலையைத் தேடத் தொடங்கினால் பாலம் அமைந்துவிட்டது என்று பொருள். பிறகு கூண்டுக்கு வெளியிலிருந்து ஒரு தென்னை ஈர்க்கை நீட்டவேண்டும். அலகு ஈர்க்கின் நுனியைத் தொட்ட அதே கணத்தில் 'டிக்', அப்புறம் கடலை. ஒருநாளைக்கு இரண்டு முறை, முறைக்கு ஐந்து நிமிடம் போதும். தவறுதலாக அழுத்திவிட்டாலும் கடலை கொடுத்தே ஆகவேண்டும். ஒலி பொய் சொல்லக்கூடாது.

நீங்கள் இதை வகுப்பிலேயே விளையாடிப் பார்க்கலாம். ஒருவர் 'கிளி', அவரை வெளியே அனுப்பிவிட்டு, அவர் செய்யவேண்டிய ஒரு செயலை (கரும்பலகையைத் தொடுதல் போல) முடிவு செய்யுங்கள். அவர் வந்ததும் யாரும் பேசக்கூடாது. சரியான திசையில் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் பேனாவை அழுத்தவேண்டும், அவ்வளவுதான். அரை வினாடி தாமதமாக அழுத்தினால் 'கிளி' எப்படித் தடுமாறுகிறது என்று பாருங்கள்.

நான்கு நாளில் ஆயாவின் கிளி ஈர்க்கைத் தொடர்ந்து கூண்டின் கோடிக்குக் கோடி நடந்தது. கூண்டுக்குள் கை போகாததால் கடிக்க வேலையில்லை. ஈர்க்குக்குக் காத்திருக்கையில் கத்தவும் மறந்தது. இதை மாணவி சொன்னபோது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நான் ஆயாவிடம் சொல்லியாகவேண்டிய ஒன்று மீதியிருந்தது.

எங்கே ஒப்படைப்பது?

பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுக் கிளிகளைக் காக்கிறது; 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின் காவல் இன்னும் கூடியிருக்கிறது. 2023 பிப்ரவரியில் சென்னையில் இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வளர்த்த ஒரு திரைப்பட நடிகருக்கு இரண்டரை லட்ச ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் கடலூர்ப் பக்கம் ஒரு தேர்தல் வேட்பாளருக்கு ஜோசியம் பார்த்த கிளிகளையும் வனத்துறை பறிமுதல் செய்தது. ஆகவே எண்ணூருக்கும் பொன்னேரிக்கும் கொடுத்ததே தவறு. இன்னொரு வீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. வனத்துறையிடம்தான் ஒப்படைக்கவேண்டும்.

ஏரிக்கரையில் திறந்துவிடலாமே என்றாள் மாணவி. வெட்டிய இறகு மறுபடி வளராது. அது உதிர்ந்து புதிய இறகு முளைக்க ஓராண்டுவரை ஆகலாம். அதுவரை பறக்கமுடியாது. பருந்தைக் கண்டு ஒளியத் தெரியாது. இரை தேடவும் தெரியாது. பெரிய கூண்டில் மற்றக் கிளிகளோடு இருந்து இவற்றையெல்லாம் பழகவேண்டும்.

ஆயா வெகுநேரம் பேசவில்லை. "பொந்துல இருந்து எடுத்து ஊட்டி வளத்தது, சார்" என்று மட்டும் சொன்னார். பயிற்சியால் கிளி நல்ல கிளியாகிவிட்ட பிறகு கொடுப்பது, கடிக்கிற கிளியைக் கொடுப்பதைவிடக் கடினம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானாக இருந்தால் என்ன செய்திருப்பேனோ! அடுத்த வாரம் அவரே சொல்லி அனுப்பினார்: "துணி போட்டு அமுக்கிப் புடிக்காம அத்தக் கொண்டு போவ வழியிருக்கா?"

வழி இருந்தது. காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியைக் கூண்டு வாயிலில் வைத்து, ஈர்க்கை முதல் நாள் பெட்டியின் ஓரத்திலும், பிறகு வாயிலிலும், பிறகு உள்ளேயும் நீட்டினார்கள். உள்ளே நின்றால் 'டிக்'. மூடியை ஒரு வினாடி சாத்தித் திறந்தால் 'டிக்'. பிறகு பத்து வினாடி, ஒரு நிமிடம். பன்னிரண்டாம் நாள் காலையில் கிளி தானாகவே பெட்டிக்குள் நடந்தது, யாரும் தொடவில்லை. படகில் வரும்போது கத்தவில்லையாம்.

வனத்துறை அலுவலகத்தில் ஆயா பெட்டியோடு என் பேனாவையும் நீட்டியிருக்கிறார்: இந்தச் சத்தம் கேட்டால் அது பயப்படாது என்று. காட்டுக்குப் போகவேண்டிய கிளி இனி மனிதர்களை நாடாமல் இருப்பதே நல்லது என்று சொல்லிப் பேனாவை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்களாம். மாணவி அதை என்னிடம் கொண்டுவந்து தந்தாள். புதிய இறகு முளைக்கத் தொடங்கியிருக்குமா என்று ஆயா கேட்கச் சொன்னதாகவும் சொன்னாள்.