கார் எத்தனை மீட்டரில் நிற்கும்? எக்ஸெல்லில் ஒரு பாடம்

எக்ஸெல் என்றதும் பலருக்கும் சம்பளப் பட்டியல், வட்டிக் கணக்கு, மளிகைக் கணக்கு இவைதான் நினைவுக்கு வரும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் நாலு எண்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "இதைக் கால்குலேட்டரே செய்யுமே" என்று மூடி வைத்துவிடுகிறார்கள். ஓரிடத்தில் ஒரு எண்ணை மாற்றினால் மற்ற எண்கள் எல்லாம் என்ன ஆகும் என்று அந்த நிமிடமே காட்டுவதுதான் எக்ஸெல்லின் பலம். அதைப் பழக, இந்த மாதம் கார் பிரேக்கை எடுத்துக்கொள்வோம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பில் இதே பாடத்தைச் செய்யலாம்.

ஏன் பிரேக்? அறுவடை நாட்களில் பூதலூர் பக்கம் வந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். திருக்காட்டுப்பள்ளி சாலையானாலும் செங்கிப்பட்டி சாலையானாலும் பாதி அகலத்துக்கு நெல் காயும். ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். ராத்திரியில் தார்ப்பாயை மூடிவிட்டு, நெல்லுக்குக் காவலாகப் பக்கத்திலேயே ஆள் படுத்திருக்கும். செங்கிப்பட்டியில் தஞ்சாவூர்–திருச்சி நான்கு வழிச் சாலையை விட்டு இறங்கும் பெரிய கார், அதே வேகத்தில் இந்தச் சாலைக்குள் வருகிறது. "நம்ம வண்டியில் ஏ.பி.எஸ். இருக்கிறது, மிதித்தால் நின்றுவிடும்" என்ற தைரியம் ஓட்டுபவருக்கு. எத்தனை மீட்டரில் நிற்கும்? கணக்குப் போடுவோம்.

புதிய ஒர்க் ஷீட் ஒன்றைத் திறந்திடுங்கள். ஏ1 செல்லில் வேகம், பி1 செல்லில் யோசிக்கும் தூரம், சி1 செல்லில் பிரேக் தூரம், டி1 செல்லில் மொத்தம் எனத் தலைப்புகளை டைப் செய்திடுங்கள். ஏ2 முதல் ஏ6 வரை 40, 60, 80, 100, 120 என வேகங்களைக் கொடுங்கள். இவை மணிக்கு இத்தனை கிலோ மீட்டர் என்ற கணக்கு.

அடுத்து சற்றுத் தள்ளி ஜி1 செல்லில் 1.5 எனவும் ஜி2 செல்லில் 0.7 எனவும் அமைத்திடுங்கள். முதல் எண், எதிரே ஆளைப் பார்த்ததற்கும் கால் பிரேக்கை மிதிப்பதற்கும் இடையே ஓடிவிடும் விநாடிகள். இரண்டாவது, டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பைக் காட்டும் உராய்வு எண். காய்ந்த தார்ச் சாலைக்கு 0.7 என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது பார்முலாக்கள். பி2 செல்லில்:

=ஏ2/3.6*$ஜி$1

சி2 செல்லில்:

=(ஏ2/3.6)^2/(2*$ஜி$2*9.8)

டி2 செல்லில்:

=பி2+சி2

செல் பெயர்களை இங்கே தமிழில் அச்சிட்டிருக்கிறோம். நீங்கள் ஆங்கில எழுத்துகளில்தான் டைப் செய்திட வேண்டும். 3.6 ஆல் வகுப்பது, மணிக்குக் கிலோ மீட்டர் என்பதை விநாடிக்கு மீட்டராக மாற்ற. 9.8 என்பது புவி ஈர்ப்பு, பள்ளியில் படித்ததுதான்.

டாலர் அடையாளம் எதற்கு? பி2 முதல் டி2 வரை தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையில் தெரியும் சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்து ஆறாவது வரிசை வரை இழுத்தால் பார்முலாக்கள் காப்பி ஆகிவிடும். அப்போது ஏ2 என்பது ஏ3, ஏ4 எனத் தானாக மாறும். அது நமக்குத் தேவை. ஆனால் ஜி1 என்பது ஜி2, ஜி3 என மாறினால் கணக்கு கெட்டுவிடும். டாலர் போட்டால் அந்த செல் நகராது. எக்ஸெல் பழகுபவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். ஒரு முறை டாலர் இல்லாமலும் இழுத்துப் பாருங்கள். என்ன குளறுபடி ஆகிறது என்று பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

விடைகளைப் பார்ப்போம். 40 கிலோ மீட்டர் வேகத்தில் மொத்தம் சுமார் 26 மீட்டர். 80ல் 69 மீட்டர். வேகம் இரண்டு மடங்குதான் கூடியது. ஆனால் சி காலத்தைப் பாருங்கள், பிரேக் தூரம் 9 மீட்டரிலிருந்து 36 மீட்டராகி விட்டது, நாலு மடங்கு. 120ல் அது 81 மீட்டர், ஒன்பது மடங்கு. பார்முலாவில் உள்ள ^2 செய்யும் வேலை இது.

இப்போது ஜி2 செல்லில் 0.7ஐ அழித்துவிட்டு 0.4 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். மழையில் நனைந்த சாலை. 80 வேகத்தில் பிரேக் தூரம் 36லிருந்து 63 மீட்டராகிறது. சாலையில் நெல் உதிர்ந்து கிடப்பதற்குக் கணக்குக்காக 0.3 என்று கொடுங்கள். 84 மீட்டர். யோசிக்கும் தூரம் 33ஐயும் சேர்த்தால் 117 மீட்டர் போய்த்தான் வண்டி நிற்கும்.

கவனித்தீர்களா, பார்முலாவில் வண்டியின் எடை எங்குமே இல்லை. எடை கூடினால் ஓடும் வண்டியின் சக்தி கூடும். சாலையை அழுத்தும் பலமும், அதனால் டயரின் பிடிப்பும் அதே அளவு கூடும். இரண்டும் அடிபட்டுப் போகின்றன. அப்படியானால் சொகுசு எஸ்.யூ.வி.களுக்கு அவ்வளவு பெரிய டிஸ்க் பிரேக் எதற்கு? சூட்டைத் தாங்குவதற்கு.

சென்னையை அடுத்த மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007ல் தொடங்கிய பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலையில் எக்ஸ்5, எக்ஸ்7 ஆகிய வண்டிகளை இணைத்துத் தருகிறார்கள். எக்ஸ்7 ஆட்களும் சாமானுமாகக் கிளம்பினால் 2,500 கிலோவைத் தொட்டுவிடும். ஏதாவது காலி செல்லில் =0.5*2500*(100/3.6)^2 என்று கொடுத்துப் பாருங்கள். 9 லட்சத்து 64 ஆயிரம் ஜூல் என வரும். 100 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் அந்த வண்டியை நிறுத்தும் சில விநாடிகளில் இவ்வளவும் டிஸ்க்கிலும் பேடிலும் சூடாக இறங்குகிறது. மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க இந்தச் சூடு போதும். 900 கிலோ எடையுள்ள சின்னக் காருக்கு ஒரு லிட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மலைச் சாலையில் இறங்கும்போது திரும்பத் திரும்ப மிதித்தால் சூடு ஆற நேரமில்லாமல் பேடின் பிடிப்பு குறைகிறது, பிரேக் ஆயிலும் கொதிக்கலாம்.

சூட்டை வெல்லப் பணத்தை எந்த அளவுக்குக் கொட்டலாம் என்பதற்கு லம்போர்கினி உருஸ் ஓர் உதாரணம். 2018ல் இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை 3 கோடி ரூபாய். முன் சக்கரத்தில் 440 மில்லி மீட்டர் கார்பன் செராமிக் டிஸ்க். 100லிருந்து 33.7 மீட்டரில் நிற்கும் என்கிறது நிறுவனம். ஜி2 செல்லில் 1.17 கொடுத்தால் நம் ஷீட்டிலும் அதே தூரம் கிடைக்கும். இதில் அகலமான, ஒட்டும் தன்மை கொண்ட டயரின் பங்கு பெரியது. ஆனால் அதே வரிசையில் பி காலத்தைப் பாருங்கள். யோசிக்கும் தூரம் 42 மீட்டர். 3 கோடி ரூபாய் கொடுத்தாலும் அது ஒரு அடிகூடக் குறையவில்லை. சாலையில் நெல் கிடந்தால் டயரின் அருமையும் அங்கே எடுபடாது.

சரி, ஏ.பி.எஸ்.? கம்ப்யூட்டர் பழகும் நமக்கு இது சுலபமாகப் புரியும். கீபோர்டு, சி.பி.யூ., மானிட்டர் என்று படித்தோமே, அதேபோல் இங்கேயும் மூன்று பகுதிகள். ஒவ்வொரு சக்கரத்திலும் சுழலும் வேகத்தைச் சொல்லும் சென்சார்; அது இன்புட். நடுவில் ஒரு சிறிய கம்ப்யூட்டர். அவுட்புட், பிரேக் ஆயிலின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வுகள். ஒரு சக்கரம் மட்டும் திடீரென்று சுழற்சி குறைந்து பூட்டிக்கொள்ளப் போகிறது என்றால், புரோகிராம் அந்தச் சக்கரத்தின் அழுத்தத்தை விட்டுப் பிடிக்கிறது. ஒரு விநாடிக்குள் பல முறை இது நடக்கும். மிதிக்கும்போது காலடியில் கடகடவென்று அதிர்வது அதனால்தான். பயந்து காலை எடுத்துவிடக் கூடாது.

பாஷ் நிறுவனத்தின் எலக்ட்ரானிக் ஏ.பி.எஸ். 1978ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் வந்தது. 1989ல் ரேஞ்ச் ரோவரில் ஏறியது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம். இதன் முதல் பயன், முழு பிரேக்கிலும் ஸ்டியரிங் நம் பேச்சைக் கேட்பது. தூரத்தைக் குறைப்பது அடுத்ததுதான். சரளை, மணல் போன்ற உதிரிப் பரப்பில் ஏ.பி.எஸ். உள்ள வண்டி கூடுதல் தூரம்கூட ஓடலாம். பூட்டிய சக்கரம் மண்ணைக் குவித்துக்கொண்டு நிற்கும், ஏ.பி.எஸ். சக்கரம் உருண்டு அதன் மேல் ஏறிவிடும்.

பிரேக்கின் நடுவில் ஒரு புரோகிராம் வந்துவிட்டால், புரோகிராமுக்கு உரிய நல்லது கெட்டது இரண்டும் கூடவே வரும். 2010 ஏப்ரலில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை, லெக்ஸஸ் ஜி.எக்ஸ். 460 என்ற சொகுசு எஸ்.யூ.வி.யை வாங்க வேண்டாம் என்று எச்சரித்தது. வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் பின்புறம் வழுக்கிக்கொண்டு போனது. தனித்தனிச் சக்கரங்களில் பிரேக் போட்டு வண்டியை நேராக்க வேண்டிய புரோகிராம் தாமதமாக விழித்தது. டொயோட்டா விற்பனையை நிறுத்தி, சாப்ட்வேரை மாற்றிக் கொடுத்தது. மே மாதம் எச்சரிக்கை நீங்கியது. 2018ல் இதே பத்திரிகை டெஸ்லா மாடல் 3 காரைச் சோதித்தபோது மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி ஆனது. சில நாட்களில் நிறுவனம் புதிய சாப்ட்வேரை இன்டர்நெட் வழியே அனுப்பியது. அதே கார் 133 அடியில் நின்றது. நம் விண்டோஸ் அப்டேட் மாதிரிதான், ஆனால் இங்கே லாபம் கிட்டத்தட்ட 6 மீட்டர்.

எல்லாவற்றையும் அப்டேட் சரிசெய்துவிடாது. 2022 ஜூனில் மெர்சிடிஸ் நிறுவனம், 2004 முதல் 2015 வரை தயாரான எம்.எல்., ஜி.எல்., ஆர் கிளாஸ் வண்டிகளில் ஏறத்தாழ 10 லட்சத்தை உலகெங்கும் திரும்ப அழைத்தது. ஈரம் தங்கி பிரேக் பூஸ்டர் துருப்பிடித்ததே காரணம். பழைய சொகுசு எஸ்.யூ.வி.யை மலிவாக வாங்க நினைப்பவர்கள், ரீகால் வேலை முடிந்ததா என்று வண்டியின் சேஸி எண்ணைக் கொடுத்து டீலரிடம் கேட்டுவிட்டு முன்பணம் கொடுப்பது நல்லது.

கடைசியாக எக்ஸெல்லின் ஒரு நல்ல வசதி, கோல் சீக். இதுவரை வேகத்தைக் கொடுத்துத் தூரத்தைக் கேட்டோம். திருப்பிக் கேட்போம். இரவில் டிம் லைட்டில் 50 மீட்டர் வரைதான் பாதை தெரிகிறது, நெல் கிடக்கும் சாலை. எந்த வேகத்தில் வந்தால் அதற்குள் நிற்கலாம்?

ஜி1ல் 1.5, ஜி2ல் 0.3 இருக்கட்டும். டேட்டா டேப் சென்று வாட் இஃப் அனாலிசிஸ், அதில் கோல் சீக் தேர்ந்தெடுங்கள். கால்க் தொகுப்பில் டூல்ஸ் மெனுவில் இது கிடைக்கும். முதல் கட்டத்தில் டி2, இரண்டாவதில் 50, மூன்றாவதில் ஏ2 எனக் கொடுத்து ஓகே செய்திடுங்கள். மூன்றாவது கட்டத்தில் தரும் செல்லில் பார்முலா இருக்கக் கூடாது, வெறும் எண்தான் இருக்க வேண்டும். ஏ2 செல்லில் சுமார் 48 என்று வந்து நிற்கும். காய்ந்த சாலைக்கு ஜி2ல் 0.7 கொடுத்து மறுபடி கோல் சீக் செய்தால் 64. ஜி2ஐத் திரும்ப 0.3 ஆக்கி, ஜி1ல் 2.5 கொடுங்கள், மொபைலை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு ஓட்டுபவரின் கணக்கு இது. 41க்கு வந்துவிடும்.

கோல் சீக் ஏ2ல் நீங்கள் கொடுத்த 40ஐ மாற்றிவிட்டிருக்கும். பழைய எண் வேண்டுமானால் கண்ட்ரோல் கீயுடன் இசட் கீயை அழுத்தி அதைத் திரும்பப் பெற்ற பிறகு ஃபைலை சேவ் செய்திடுங்கள்.