ஒரே பானையில் இரண்டு நிறம்

உடைந்த மண்சட்டியின் ஓடு ஒன்றைக் கையில் எடுங்கள். உடைந்த விளிம்பை உற்றுப் பாருங்கள். சில ஓடுகளில் இருபுறமும் சிவப்பாகவும், நடுவில் மட்டும் கறுப்பாகவும் இருக்கும். மண்ணும் ஒன்று, சூளையும் ஒன்று. நிறம் மட்டும் இரண்டானது ஏன்?

பானை வனையும் களிமண்ணில் இரும்பு கலந்துள்ளது. சூளைக்குள் காற்று தாராளமாகப் புகுந்தால், இரும்பு ஆக்சிஜனுடன் நன்கு கூடி ஃபெர்ரிக் ஆக்சைடு ஆகிறது. இதன் நிறம் சிவப்பு. காற்று குறைந்து புகை சூழ்ந்தால், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு அந்த ஆக்சிஜனில் ஒரு பகுதியைக் கவர்ந்துகொள்கிறது. அப்போது உண்டாகும் இரும்பு ஆக்சைடு கறுப்பு. புகைக்கரியும் மண்ணின் நுண்துளைகளில் படிகிறது. ஓட்டின் நடுப்பகுதிக்குக் காற்று எட்டவில்லை. மண்ணில் கலந்திருந்த இலை, வேர்த் துணுக்குகள் முழுதும் எரியாமல் கரியாக நின்றுவிட்டன.

கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. அங்கே கறுப்பு சிவப்புப் பானைகள் கிடைத்தன. புதிய கற்காலத்தின் கடைசிக் கட்டத்திலேயே இவை வழக்கில் இருந்தன என்றும், அக்கட்டம் கி.மு. 2200க்கு முன்பே தொடங்கியது என்றும் 2022இல் அறிவிக்கப்பட்டது. இத்தகைய பானைகளைக் கவிழ்த்து வைத்துச் சுட்டனர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுத்தன. காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தது. வேதியியல் நூல் எதுவும் இல்லாத காலத்தில், பெற்றோர் கைவேலையைப் பார்த்தே பிள்ளைகள் இதைக் கற்றனர்.

இத்தகைய அறிவு ஒரு தலைமுறையில் விட்டுப்போனால் என்ன ஆகும்? அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பியூப்ளோ மக்கள் வாழ்கின்றனர். சான் இல்டெபான்சோ என்ற அவர்களது ஊரில் மரியா மார்ட்டினெஸ் என்ற குயத்தி இருந்தார். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், அகழ்ந்தெடுத்த பழைய ஓடுகளைக் காட்டி, அதுபோன்ற கலங்களைச் செய்து தருமாறு அவரைக் கேட்டனர். அவரும் கணவர் ஜூலியனும் மீண்டும் மீண்டும் முயன்றனர். எரியும் நெருப்பைப் பொடித்த சாணத்தால் மூடி, பளபளக்கும் கரிய கலங்களை உருவாக்கினர். பின்னர் மகனும் பேரனும் அக்கலையைத் தொடர்ந்தனர்.

ஓசூரின் தொழிற்சாலைகள் மாதச் சம்பளம் தரும்போது, குயவர் வீட்டுப் பிள்ளை அங்கே செல்வதில் தவறில்லை. ஆனால் அவ்வீட்டுப் பெரியவரின் அறிவு யாரிடம் சேரும்?

செய்து பாருங்கள்: உங்கள் ஊருக்கு அருகிலுள்ள குயவரிடம் செல்லுங்கள். எந்த ஏரியின் மண்? எவ்வளவு மணல் சேர்க்கிறார்? சூளை வெந்துவிட்டதை எப்படி அறிகிறார்? அவர் சொல்வதை அப்படியே நோட்டில் எழுதுங்கள். எந்தப் பாடநூலிலும் கிடைக்காத பாடம் அது.